கேஸ் ஏறும் நேரம்

ரப்பர் குழாயின் நுனியைக் கப்பலின் கேஸ் தொட்டியில் திருகி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தான்.

திறந்த மேல்தளத்தில், கயிற்றுச் சுருள்களுக்கும் கோழிக்கூண்டுகளுக்கும் நடுவே, இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அதில் ஒருத்தி முக்காட்டை விலக்கிக் காற்று வாங்கினாள்.

அவன் தங்கை.

பாக்கியம்.

சட்டென்று குனிந்துகொண்டான். வால்வைத் திறந்தான்.

கீழே தோணியில் கிடந்த இரும்பு உருளையிலிருந்து கேஸ் சீறிக்கொண்டு மேலே ஏறியது. தூத்துக்குடிக் கரையில் எண்ணெயைக் காய்ச்சி எடுத்து, அழுத்தி அடைத்த கேஸ். ஆழமில்லாததால் ஸ்டீமர் கரைக்கு வராது. வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வாரம் இருமுறை அவன்தான் உருளைகளைத் தோணியில் கொண்டுவந்து நிரப்பிவிட்டுப் போவான். கொழும்பு போய்ச் சேரும்வரை முதல் வகுப்பில் விளக்கு அணையக் கூடாது. சாப்பாட்டு மேசைக்கு மேலே நான்கு. விக்டோரியா மகாராணியின் படத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்று. அறைக்கு ஒன்று.

மேல்தளத்துக்கு விளக்கு கிடையாது.

அழுத்தம் காட்டும் முள் மெல்ல நகர்ந்தது. அது சிவப்புக் கோட்டைத் தொடும்வரை வால்வை விட்டு அசையக் கூடாது. அரைமணி நேரமாகும். மற்ற நாட்களில் கடலைப் பார்த்தபடி வெற்றிலை போடுவான்.

இன்று தலையைத் தூக்கவே இல்லை.

பதினெட்டு நாட்களுக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. கையில் ஒரு துணிமூட்டை.

"இவ இங்க தங்குனான்னா நான் எங்க அப்பன் வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள் அவன் மனைவி உள்ளேயிருந்து. வாசலுக்குக் கேட்கட்டும் என்றேதான் சொன்னாள்.

"நாளைக்கு வா பாக்கியம். பேசுவோம்," என்று அவன் கதவைச் சாத்தினான்.

மறுநாள் அவள் வந்தாள்.

அவன் கொல்லைப்புறமாக இறங்கிக் கடற்கரைக்குப் போய்விட்டான்.

புருஷன் வீட்டுக்கே திரும்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

"கேஸ்காரரே."

தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கங்காணி பெரியகருப்பன். பக்கத்தில் வந்து குந்தினான்.

"அந்தப் பச்சைச் சேலைப் பிள்ளை உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கு. சொந்தமா?"

முள் பாதியைத் தாண்டியிருந்தது.

"எதுக்குக் கேக்குறேன்னா, தனியா வந்து சேந்துச்சு. ஒரே ஒரு அண்ணன் இருந்தாராம், கடல்ல போயிட்டாராம். நாளைக்கு உறவுமுறைன்னு யாராச்சும் வந்து, பொம்பளைப் பிள்ளைய எங்களக் கேக்காம கப்பலேத்திட்டியேன்னு நின்னா எனக்குத் தலைவலி. சொந்தம்னா சொல்லுங்க. உங்க தோணியிலயே கூட்டிட்டுப் போயிருங்க. நான் தடுக்க மாட்டேன்."

அவன் நிமிர்ந்தான்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். பத்தடி தூரம்தான். எல்லாம் கேட்டிருக்கும். துணிமூட்டையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள்.

உதட்டுக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது.

தோணியில் இடம் இருந்தது. காலி உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளலாம். காற்று ஒத்துழைத்தால் பொழுது சாய்வதற்குள் கரை. அப்புறம் வீட்டு வாசல். வாசலில் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், பூசை முடிந்ததும் ஆளாளுக்குக் கேட்பார்கள். அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று சத்தம் போடுவான்.

இத்தனையும் அவன் மனதில் ஓடி முடிந்தது.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"சொந்தமெல்லாம் இல்ல," என்றான். "ஊர்க்காரப் பிள்ளை."

கங்காணி அவள் பக்கம் திரும்பினான். "அப்படியாம்மா?"

அவள் மூட்டையை இடுப்பிலிருந்து இறக்கித் தளத்தில் வைத்தாள். அவசரமே இல்லாமல் வைத்தாள்.

"ஆமா. ஊர்க்காரவுகதான்," என்றாள். "எங்கண்ணன் செத்தது இவுகளுக்கும் தெரியும்."

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவன் வால்வை மூடிக் குழாயைக் கழற்றினான். தொட்டியின் வாயில் சோப்பு நுரை தடவி, கேஸ் கசிகிறதா என்று பார்த்தான். கசியவில்லை. மறுபடியும் தடவிப் பார்த்தான். பிறகு குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நூலேணியில் இறங்கினான்.

கப்பலின் நிழலைத் தாண்டிப் பாய் விரிக்கும்வரை தோணிக்காரன் கஸ்பார்தான் துடுப்பு வலிக்க வேண்டும். ஒரே தெருக்காரன். கப்பலைப் பார்க்க உட்கார்ந்து வலித்தான். இவன் கப்பலுக்கு முதுகு காட்டி, கஸ்பாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"மேல, கம்பியோரமா ஒரு பிள்ளை நிக்குதுவே," என்றான் கஸ்பார். "அச்சு அசல் நம்ம பாக்கியம்."

"அவ புருஷன் வீட்டுல இருக்கா."

கஸ்பார் நாலைந்து முறை துடுப்பை இழுத்தான்.

"அப்ப எனக்கு எதுக்குவே கையக் காட்டுதா?"

"நீ துடுப்பைப் போடுடே."

கஸ்பார் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் தலைக்கு மேலாகக் கப்பலைப் பார்த்தான்.

ஒரு கையைத் துடுப்பிலிருந்து எடுத்தான். உயரத் தூக்கி ஆட்டினான்.

நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.