வகுப்பில் ஒரு வாய்தா

தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் அரசு வக்கீல்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஜன்னல் வெயில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கோடு போடுகிறது. "ஜெயகிருஷ்ணன் சார், நிலத்தை எடுத்தா இழப்பீடு எப்போ தரணும்?" என்கிறார் பயிற்சியாளர். கண்ணயர்ந்திருந்த ஜெயகிருஷ்ணன் துள்ளி எழுந்து, பழக்கதோஷத்தில், "டிபார்ட்மென்ட்லேர்ந்து தகவல் வரலை யுவர் ஆனர், ஒரு வாய்தா வேணும்" என்கிறார். எழும் சிரிப்பில் பக்கத்து ஸ்டேஷனில் நின்ற ரயில் தானாகவே கிளம்பிவிடுகிறது. டீ ஊற்றும் பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை. பெருங்களத்தூரில் ரோட்டுக்கு நிலத்தைப் பறிகொடுத்து, கோர்ட்டில் வருஷக்கணக்காக இதே வாயிலிருந்து இதையே கேட்டவர் அவர். ஜெயகிருஷ்ணனுக்கு அந்த முகம் இப்போதுதான் பிடிபடுகிறது. காது மடல் சுடுகிறது. பொன்னுரங்கம் டம்ளரை நீட்டுகிறார். "சூடா கீது சார். இத்தையாச்சும் இன்னிக்கே முடிச்சுடுங்க." ஜெயகிருஷ்ணன் ஒரே மடக்கில் குடிக்கிறார். நாக்கு வெந்துபோகிறது, ஊதி ஆற்ற ஒரு வாய்தா கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.