உமிச்சாம்பல் பொட்டலம்

பாகூர் வீட்டின் தகரக் கூரையில் பிற்பகல் வெயில் காய்கிறது. கட்டிலில் சாய்ந்திருக்கும் சவரிமுத்து உதட்டைக் குவித்து மூச்சை வெளியே தள்ளுகிறார். முப்பது வருடம் அரிசி ஆலைக் கொதிகலனில் உமி அள்ளிப் போட்டவர். அவர் நுரையீரலெங்கும் துளைகள். கரியமில வாயு உள்ளேயே தங்குகிறது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் ரெஜினா ஆய்வுக்கூடத்தில் செய்வதும் துளைகள்தான். உமிச்சாம்பலிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடியில், அதே வாயுவைப் பிடித்துவைக்கும், கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தப் பொடி இப்போது அவள் பையில் இல்லை. அப்பாவின் தலைமாட்டில், ஜெபமாலையோடு, துணிப் பொட்டலமாகத் தொங்குகிறது.

“யாரும்மா எடுத்தது?”

“நாந்தான்,” என்கிறாள் அம்மா ஜோஸ்பின். “கெட்ட காத்த புடிக்கும்னு நீதான சொன்ன? ஒலகத்துக்கே செய்யற, ஒங்கப்பாவுக்கு ஆவாதா?”

ரெஜினா பொட்டலத்தைத் தொடுகிறாள். காலையில் கட்டியது. அறைக் காற்றைக் குடித்து அப்போதே நிரம்பியிருக்கும். நெஞ்சுக்குள் இருப்பதை அது என்றைக்கும் தொட்டிருக்காது.

“திட்டாதடி அவள,” என்கிறார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் விலா எழுந்து இறங்குகிறது. “இத்தினி வருசம் உமியப் போட்டேன். இப்ப அது என்னிய பாத்துக்குது. கட்னதுலேர்ந்து கொஞ்சம் தேவல.” கண்ணை மூடி மூச்சைத் தேடுகிறார். “இன்னும் எடம் இருக்குதா அதுல?”

“நெறய இருக்குதுப்பா.”