கீசர் முதுகில் ஒரு பல்லி

குளிர்ந்த மலையூர் ஒன்றில், லாட்ஜ் குளியலறையில் ஒரு பழைய கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தகரம் எப்போதும் சுடும். அந்தச் சூட்டில் ஒரு பல்லி சுகமாகப் படுத்துக் கிடக்கும்.

மின்சாரத்தை வீணாக்கும் கீசர்களை விடுதிகளில் இனி வைக்கக் கூடாதென்று அரசாங்க உத்தரவு வந்தது. சோதிக்க ஆள் வருகிறார் என்று காதில் விழுந்ததிலிருந்து கீசருக்கு உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் தளும்பியது.

"தம்பி, அவர் வந்தா மூச்சுக் காட்டாதே. நீ என் முதுகில கிடக்கிறதைப் பார்த்தா, சூடு வெளியே ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சிடுவார். அப்புறம் எனக்குக் காயலான் கடைதான்."

"உங்க சூட்டில வளர்ந்தவன் அண்ணே நான். காட்டிக் கொடுப்பேனா?" என்று பல்லி பின்பக்கம் பதுங்கிக்கொண்டது.

சோதனைக்காரர் வந்து தகரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வெயில் பட்டிருக்கும் சார்" என்றார் லாட்ஜ் முதலாளி.

"குளியலறையில வெயிலா? பாதிக் கரண்டு வெளியிலதான் போகுதுன்னு தோணுது."

"ச்சு, ச்சு, ச்சு" என்றது பின்னாலிருந்து.

முதலாளி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பல்லியே சொல்லிடுச்சு. கழட்டிடுங்க."

ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"ஏண்டா தம்பி?" என்றது கீசர்.

"துரோகமில்லண்ணே. பெரிய மனுஷங்க பேசி நிறுத்தினா, ஆமான்னு தானா வாயில வந்துடுது. பரம்பரைப் பழக்கம்."

"சரி, போகட்டும். இனிமே நீ எங்கே படுப்பே?"

பல்லிக்கு அந்த யோசனை அதுவரை வரவில்லை. சுவரில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று எடுத்துக்கொண்டது.