ஈரலில் படிந்தது

முதல் அடியிலேயே பொன்னையாவின் உதடு கிழிந்தது.

அடுத்த அடியில் அவர் தலை சுவரில் மோதியது. மதுரன் நிறுத்தவில்லை. அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"குடிய விட்டு அஞ்சு வருசமாச்சுன்னு யாருக்குக் கத வுட்ட? சொல்லு!"

பொன்னையா முகத்தை மறைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

ஹட்டனிலிருந்து வந்த பஸ்ஸில்தான் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் குடியிருக்கும் சர்மிளா அவனிடம் கேட்டாள். "டிக்கோயா ஆஸ்பத்திரியில ஈரல் வருத்தக்காரங்க வரிசையில ஒங்கப்பாவப் பாத்தேனே, என்ன செய்யுது அவருக்கு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது போலிருந்தது அவனுக்கு.

சின்ன வயதில் குடித்துவிட்டுக் சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடந்தவரை எத்தனை தடவை இழுத்து வந்திருக்கிறான். அம்மாவின் விரலை அவர் முறித்த நாளும் அவனுக்கு மறக்கவில்லை. அன்று திருப்பி அடிக்கும் வயதில்லை. இன்று இருந்தது.

வயிற்றில் ஓர் உதை விட்டான். பொன்னையா மடங்கி விழுந்தார். அண்டை வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா காளியாயி, அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்து மகனின் கையைப் பிடித்துத் தொங்கி, அவன் காதோரம் அடக்கிய குரலில் சொன்னாள்.

"விடுடா அவர! கிளினிக்கு எனக்குடா. எனக்குத் தொணையாத்தான் வந்தாரு. என் ஈரல்லதான் கொழுப்பு படிஞ்சிருக்காம்."

மதுரனின் கை அப்படியே நின்றது. அம்மா ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவள் இல்லை. எட்டு வருடமாக, இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்துக்குக் குளிசை விழுங்குகிறவள்.

"குடிச்சாத்தான் வரும்னு நானும் நெனச்சேன். சீனி இருக்கவங்களுக்குக் குடிக்காமயே வருமாம். சோத்தக் கொறச்சு, நல்லா நடந்து, ஒழுங்கா மருந்து எடுத்தா கொணப்படுத்திடலாம்னு டொக்டர் சொன்னாரு."

மதுரன் தரையில் கிடந்தவர் பக்கத்தில் மண்டியிட்டான்.

"இத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேப்பா…"

பொன்னையா சுவரைப் பிடித்து எழுந்தார். வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார்.

"மெதுவா பேசு. ஈரலுன்னாலே ஒங்கம்மா குடிக்கிறாள்னு லயம் பூரா பேசும். வருத்தம் எனக்குன்னு நெனச்சா புதுசா ஒண்ணும் பேசமாட்டாங்க."