சவேரியார்பட்டி கேட்

“அத்தான் ரயில் சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிறாரு. இவன் வீட்டுக்குள்ளயே ரயில் விடுறானாக்கும்! நல்ல பிள்ளையப் பெத்த, போ!”

தங்கை ஐரின் சொன்னது சகாயசெல்விக்குச் சுருக்கென்று தைத்தது. ஐரினுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொன்னதில் என்ன தப்பு?

செல்வியின் கணவர் ஆண்டனிராஜ் ரயில் இன்ஜின் டிரைவர். போன வருஷம் சவேரியார்பட்டி கேட் பக்கத்தில் ஒரு பெண் தண்டவாளத்தில் வந்து நின்றுவிட்டாள். பிரேக்கைப் போட்டார். ஹாரனை விடாமல் அடித்தார். அத்தனை பாரத்தோடு வரும் வண்டி சட்டென்று நிற்குமா? நிற்கவில்லை.

உங்கள் மேல் குற்றமே இல்லை என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் காதில் ஏறவில்லை. அன்றைக்கு வந்து படுத்தவர்தான். சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு தலையாட்டல். செல்வியிடம் பேச்சு அவ்வளவுதான்.

ரயிலை ஞாபகப்படுத்தும் எதையும் கண்ணில் காட்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்வி யூனிஃபார்மை மூட்டை கட்டினாள். காலண்டரைக் கழற்றினாள். குவார்ட்டர்ஸையே காலி பண்ணிவிட்டு, ரயில் சத்தம் அதிகம் வராத ஆர்.எம். காலனியில் வீடு பார்த்து வந்தாள்.

இத்தனையும் செய்து என்ன பிரயோஜனம்? வேலை கிடைக்காமல் வீட்டோடு இருக்கும் மகன் கிளெமென்ட்டை எங்கே கொண்டுபோய் விடுவது?

கம்ப்யூட்டரில் அவனுக்கு ஒரு விளையாட்டு. தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் விட வேண்டும். அதில் வருவதெல்லாம் வெளிநாட்டு வண்டி. இவன் நம்ம ஊர் வண்டியை வரைந்து அதில் ஏற்றுகிறானாம். புள்ளி புள்ளியாக வைத்து வரைய வேண்டும். நேரே போனால் ஒரு மாதிரி, வளைந்தால் ஒரு மாதிரி என்று ஒரே இன்ஜினை எட்டுத் திசைக்கும் வரைகிறான். போன வாரம் முழுக்க இன்ஜின் கண்ணாடியோடு மல்லுக்கட்டினான். அந்த விளையாட்டில் சில நிறங்கள் தானாகவே மினுக் மினுக்கென்று அடிக்குமாம். தெரியாமல் அதில் ஒன்றைக் கண்ணாடிக்குப் பூசிவிட்டானாம்.

“கண்ணாடி மினுங்குனா என்னடா இப்ப? குடியா முழுகிப் போச்சு?”

“பாக்குறவருக்குக் கண்ணு கூசும்லம்மா.”

“அப்பா இருக்குற வீட்ல இது தேவையாடா உனக்கு?”

“வண்டி முடியட்டும்மா. பொறவு சொல்றேன்.”

செல்வி டீச்சர். சாயங்காலம்தான் வீடு திரும்புவாள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டார்கள். வழியில் ஐரினும் சேர்ந்துகொண்டாள். வந்து பார்த்தால் கிளெமென்ட்டைக் காணோம். கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, இங்க பாரேன். என்னமோ பேரு போட்டிருக்கான்.”

செல்வி குனிந்து பார்த்தாள். நீல இன்ஜின். பின்னால் பெட்டிகள். முன்னால் ஒரு கேட். அதன் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பதறியது.

சவேரியார்பட்டி.

“மாதாவே! அதே எடம். அதே வண்டி!”

“பெத்த அப்பன் உசுரு இவனுக்கு விளையாட்டாப் போச்சாக்கும்!” என்றாள் ஐரின்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அது இப்படி உதவும் என்று செல்வி நினைத்திருக்க மாட்டாள். விளையாட்டை மூடினாள். ரயில் படங்களைத் தேடி மொத்தமாக அழித்தாள்.

“குப்பைத்தொட்டிக்குள்ள கெடக்கும்பாங்களே, அதையும் காலி பண்ணிரு,” என்று ஐரின் எடுத்துக்கொடுத்தாள்.

அதையும் செய்தாள்.

செத்த நேரத்தில் கிளெமென்ட் வந்தான். திரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“எல்லாத்தையுமாம்மா?”

“எல்லாத்தையுந்தான்.”

அவன் கையில் இருந்த சின்ன கவரை மேஜையில் வைத்தான்.

“வேற காப்பி இல்லம்மா. சி.டி.ல ஏத்தி வச்சிரலாம்னுதான் இத வாங்கப் போனேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் செல்விக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“பொம்மை வண்டிக்கு இம்புட்டு அழுகையா? உங்கப்பா படுற பாட்டுக்கு ஒரு நாளாவது அழுதியாடா?”

அறைக்கதவு திறந்தது.

ஆண்டனிராஜ் நின்றார். முகம் கழுவி, தலை சீவி, சட்டை போட்டிருந்தார். செல்விக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. யாரும் கூப்பிடாமல் அவர் அந்த அறையை விட்டு வந்து எத்தனை மாதம் ஆயிற்று!

அவர் யாரையும் கவனிக்கவில்லை. தன் சொந்த சீட்டில் உட்காருகிறவர் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கை பழக்கமாக மவுஸைப் பிடித்தது. அங்கே தட்டினார். இங்கே தட்டினார்.

“ஏலே கிளெமென்ட், நம்ம வண்டி எங்கடா?”

குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“சீக்கிரம் எடுத்து விடுறா. அந்தப் பொண்ணு தண்டவாளத்துல வந்து நின்னுருக்கும். இன்னைக்கு நான் இன்னும் வண்டிய நிப்பாட்டலடா!”