நாற்பதில் ஒரு வால்வு

“ஏணியில ஏறுவியாம்மா? இல்ல, கீழ நின்னு கை காட்டுற ஆளா?”

மலேசியாவில், ரவாங் தொழிற்சாலையின் பராமரிப்பு மேனேஜர் தங்கராஜு இப்படிக் கேட்டதும் நித்தியாவுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. வேலை போய் எட்டு மாதம். இது பதினோராவது நேர்காணல். இதையும் கோட்டைவிட்டால் புக்கிட் செந்தோசாவில் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

“ஏறிக் காட்டுறேன் சார்.”

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு லா.”

அவர் மேலே காட்டினார். கம்ப்ரஸரிலிருந்து வந்த காற்றுக் குழாயில், கட்டைவிரல் அளவில் நாற்பது பித்தளை வால்வுகள் வரிசையாக இருந்தன.

“இதுல ஒண்ணுல காத்து லீக். எதுன்னு எனக்குத் தெரியும். இன்டர்வியூவுக்குன்னே ரிப்பேர் பண்ணாம வெச்சிருக்கேன். மெஷின் சத்தத்துல காதுக்கு ஒண்ணும் கேக்காது. காலையில நாலு பேரு வந்தானுங்க. சீக்கிரமா கண்டுபுடிச்சவனுக்கே நாப்பது நிமிஷம்!”

சோப்புத் தண்ணீர் வாளியை நீட்டினார். “ஒவ்வொண்ணா தடவிப் பாரு. நுரை எங்க பொங்குதோ அதான்.”

“வேணாம் சார்.”

வரிசையின் நடுவே ஏணியைச் சாத்தினாள். விறுவிறுவென்று ஏறி ஒரு வால்வைத் தொட்டாள். “இதுதான். பைப்போட சேர்ற எடத்துல.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தங்கராஜு கைக்கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

“எப்படிம்மா?”

“கைப்பழக்கம் சார்.”

“பலே கைகாரிதான் நீ!”

ஆபீசுக்கு அழைத்துப்போய், வேலை உத்தரவில் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நித்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“திங்கக்கெழமை வந்துரு. நான் இங்க வந்து ஒரு மாசம்தான். அதுக்கு முன்னால எவனோ காண்ட்ராக்ட்காரன் போட்ட லைன் இது. காத்து கசியாம இருக்க மரையில சுத்துற டேப்பைச் சுத்தாமலே அந்த ஒண்ண மாட்டிட்டுப் போயிருக்கான், மடையன்! அவன் மட்டும் என் கையில கெடச்சான்...”

நித்தியா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“கெடச்சாச்சு சார். அன்னிக்கு டேப் தீர்ந்து போச்சு, காலையில வந்து சுத்திக்கலாம்னு அந்த ஒண்ண மட்டும் கையால இறுக்கிட்டுப் போனேன். விடியறதுக்குள்ள காண்ட்ராக்டர் என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாரு!”