எதற்கும் அசையாத சிக்னல்

"காந்தத்தை அணைச்சுப் பார்த்தியாம்மா?" என்றார் பேராசிரியர்.

"பார்த்தேன் சார். சிக்னல் அப்படியே இருக்கு" என்றாள் ஆய்வு மாணவி.

"சூடேத்திப் பார்த்தியா?"

"துளிகூட அசையலை சார்."

பேராசிரியருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. மின்தடையே இல்லாத மீக்கடத்தி பூசிய நுண்கம்பிக்குள் எலக்ட்ரானின் சுழற்சியும் ஓட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், கம்பியின் இரு முனைகளிலும் லேசில் கலையாத சிக்னல் ஒன்று வரும் என்று சொல்லிச் சொல்லியே சக பேராசிரியர்களின் கேலிக்கு ஆளானவர் அவர்.

"எது மாறினாலும் கலையாத டோபாலஜி நிலைன்னா இதுதாம்மா. நாளைக்கே அறிவிச்சுடலாம். உன் டாக்டர் பட்டமும் உறுதி."

அவள் பூரித்து நின்றபோது வீட்டிலிருந்து அம்மா போனில் அழைத்தாள்.

"ஏண்டி, உன் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில ஒரு குட்டி டப்பா இருக்கு. மேல உன் கையெழுத்துல 'கம்பி'ன்னு எழுதியிருக்கு. தூக்கிப் போட்டுடவா?"

"ஐயோ, போட்டுடாதேம்மா!" என்றாள் அவள். போனை வைத்துவிட்டுப் பேராசிரியரிடம் திரும்பினாள்.

"சார், நான் கருவிக்குள்ள கம்பியை வைக்கவே இல்லை."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"கம்பியே இல்லாமலும் வருதுன்னா, இது நாம நினைச்சதைவிட உறுதியான நிலைம்மா."